பெருந்தொற்றுக் காலமும் வீட்டுச் செலவும்: கேள்வி பதில்

குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். 2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார அமைப்பு கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு, மக்கள் எதை வாங்கினார்கள், எதை விட்டார்கள் என்று பார்ப்பதே முழுநேர வேலையாகிவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். பங்குச்சந்தை மட்டும் வேண்டாம், அது என் துறை இல்லை. அப்புறம் ஒரு வேண்டுகோள்: செலவு இத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று எங்கே படித்தாலும், எந்த மாதத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

தூரிகை: அக்கா, டாய்லெட் பேப்பர் ஏன் அப்படிக் காலியானது? மக்களுக்கு அவ்வளவு பேராசையா?

பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். அலுவலகம், பள்ளி, விடுதி எல்லாம் மூடியதும் அங்கே நடந்த உபயோகம் முழுக்க வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அலுவலகத்துக்குப் போகும் சுருள் வேறு, வீட்டுக்கு வரும் சுருள் வேறு; அளவு, கட்டு, வாங்கும் வியாபாரி எல்லாமே வேறு. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மறுநாளே கூடுதலாகச் செய்ய முடியாது. வருடம் முழுக்க ஒரே சீராக விற்கும் பொருள் என்பதால் யாரும் பெரிய கையிருப்பும் வைத்திருக்கவில்லை. இந்த நிலையில் ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு கட்டு கூடுதலாக எடுத்தாலே அலமாரி காலி. காலி அலமாரியைப் பார்த்தவர் அடுத்த முறை இரண்டு எடுப்பார். கடைக்காரர் பயந்து இன்னும் கொஞ்சம் கூட்டி ஆர்டர் போடுவார், மொத்த வியாபாரி அதற்கும் மேலே கூட்டுவார். சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி எவ்வளவு தூரம் வீசுகிறது, அது மாதிரி. சில மாதம் கழித்து அத்தனையும் வந்து சேரும்போது கேட்க ஆளிருக்காது.

அரைக்கால்: இனி ஒரு தொற்று வந்தால் எந்தப் பங்கு ஏறும்?

மேலே சொல்லியிருக்கிறேன், அது என் துறை இல்லை.

வெள்ளிமீன்: 2020இல் விலைவாசி ஏறவே இல்லை என்று கணக்கு சொன்னது. எங்கள் வீட்டில் மட்டும் மாதச் செலவு ஏன் கையைக் கடித்தது?

நல்ல கேள்வி, உங்கள் அனுபவம் பொய்யில்லை. விலைக் குறியீடு என்பது ஒரு கூடை. அதில் மளிகைக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எடை போட்டு வைத்திருப்பார்கள். அந்த வருடம் பல நாடுகளில் எரிபொருள் விலை சரிந்தது, ஆனால் யாரும் வண்டியை எடுக்கவில்லை. உணவுப் பொருள் விலை ஏறியது, வீட்டில் மூன்று வேளையும் சமையல். அதாவது மலிவானதை நாம் வாங்கவில்லை, ஏறியதைத்தான் அதிகம் வாங்கினோம். பழைய எடையை வைத்திருந்த குறியீட்டுக்கு இது தெரியாது. ஹார்வர்டு பேராசிரியர் ஆல்பர்ட்டோ கவாலோ, மக்கள் உண்மையில் செலவழித்த விகிதப்படி எடையை மாற்றிப் போட்டுப் பார்த்தார். அமெரிக்காவில் அரசு சொன்னதைவிடப் பணவீக்கம் அதிகமாக வந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இந்த அடி இன்னும் பலம், ஏனென்றால் அவர்கள் செலவில் உணவின் பங்கே பெரிது. இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை.

நேர்கோடு: எல்லாவற்றுக்கும் ஊரடங்குதானே காரணம்? கடையை மூடாமல் இருந்திருந்தால் செலவு விழுந்தே இருக்காது.

அப்படி இல்லை. டென்மார்க் மூடியது, பக்கத்தில் ஸ்வீடன் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தது. வங்கிக் கணக்குகளைப் பார்த்தபோது டென்மார்க்கில் செலவு சுமார் 29 சதவீதம் விழுந்திருந்தது, ஸ்வீடனில் சுமார் 25 சதவீதம். சட்டத்தால் வந்த வித்தியாசம் அந்த 4 மட்டுமே.

நேர்கோடு: இரண்டு பணக்கார நாடுகளை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்கிறீர்கள். கதவு பூட்டியிருந்தால் ஒருவன் எங்கே போய்ச் செலவழிப்பான்?

சரி, இன்னொன்று. அமெரிக்காவில் கூல்ஸ்பீ, சிவர்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கைபேசித் தரவை வைத்து, ஒரு பக்கம் தடை இருந்து மறுபக்கம் இல்லாத எல்லைப் பகுதிகளை ஒப்பிட்டார்கள். கடைகளுக்குப் போவோர் எண்ணிக்கை 60 சதவீதப் புள்ளி விழுந்ததில், சட்டத்தால் வந்தது 7 புள்ளிதான். உத்தரவு வரும் முன்பே மக்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

நிழல்குடை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சிறிய கடை வைத்திருந்தவன். உத்தரவு வருவதற்குப் பத்து நாள் முன்பே வாடிக்கையாளர் வரவு நின்றுவிட்டது. அக்கா சொல்வதுதான் நான் கண்டது.

நேர்கோடு: பத்து நாளில் நின்றது சரி, மறுபடி வரவிடாமல் மாதக்கணக்கில் வைத்தது யார்?

இந்த இடத்தில் உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. தடை கடுமையாகவும் நீளமாகவும் இருந்த நாடுகளில் சட்டத்தின் பங்கு கூடும், அதை மறுக்கவில்லை. தடை இன்னொன்றையும் செய்தது: உணவகத்துக்குப் போக வேண்டிய பணத்தை மளிகைக்குத் திருப்பிவிட்டது. ஆனால் அந்த டென்மார்க் ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறு. ஊரடங்கு இளைஞர்களின் செலவைக் கூடுதலாகக் குறைத்தது; ஆபத்து அதிகமுள்ள முதியவர்களுக்கோ வீழ்ச்சியைச் சற்றுத் தணித்தது. வெளியே தொற்று குறைவு என்றால் அவர்களுக்குப் பயம் குறைவு. பயம்தான் முதல் காரணம், பூட்டு இரண்டாவது. நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மணல்வீடு: டாய்லெட் பேப்பர் பதுக்கியது பற்றி உங்கள் கருத்து?

முதல் பதில்.

ஏழாம்படி: சானிடைசர் மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

காலி அலமாரி, கூட்டிப் போட்ட ஆர்டர் எல்லாம் அதே முதல் பதில்தான்; ஆனால் இதற்குத் தேவையே நிஜமாகக் கூடியது. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

பழையகணக்கு: எல்லோரும் போனில் பணம் கட்டப் பழகிவிட்டார்கள், இனி நோட்டு ஒழிந்துவிடும் இல்லையா?

கடையில் நோட்டு கொடுப்பது குறைந்தது உண்மை. அதே 2020இல் புழக்கத்தில் இருந்த யூரோ நோட்டுகளின் மதிப்பு சுமார் 11 சதவீதம் கூடியது. கலங்கும் நேரத்தில் மக்கள் நோட்டை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். கொடுக்க ஒரு வழி, வைத்துக்கொள்ள இன்னொரு வழி.

கடலோரம்: இணைய விற்பனை வளர்ச்சி 2021இல் சரிந்ததாமே, பழக்கம் போய்விட்டதா?

எந்த மாதத்தோடு ஒப்பிட்டார்கள்? எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த மாதத்தோடு ஒப்பிட்டால் எதுவும் சரிந்ததாகத்தான் தெரியும். 2019இன் அதே மாதத்தை எடுத்துப் பாருங்கள். முதலிலேயே இதைச் சொன்னேன்.

செம்பருத்தி: மேடம், அப்பா இன்னும் மூன்று மாதச் சாமான் வாங்கி அடுக்குகிறார். சொன்னால் கோபம் வருகிறது. எப்படி நிறுத்துவது?

நிறுத்தப் பார்க்காதீர்கள். வேறு வழியில்லாமல் செய்ததைப் பலரும் சீக்கிரம் விட்டுவிட்டார்கள், சிரமத்தைக் குறைத்த பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன, ஆனால் பயத்தில் வந்த பழக்கத்துக்குத் தேதி கிடையாது. அலமாரி காலியாகக் கிடந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொருளும் வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள், சும்மா கேட்டுக் கேட்டு எழுதுங்கள், திருத்த வேண்டாம். காலாவதித் தேதி முந்தியதை முன்வரிசையில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் எது தேவை, எது வேண்டாம் என்று அந்தத் தாளைப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்.