மஸ்கெலியாப் பக்கம் வீட்டு இணையத்துக்கு எந்த நெட்வொர்க் நல்லது?

கொழும்பு வேலையை இனி ஊரிலிருந்தே பார்க்கப் போவதாகவும், வேகம், கவரேஜ், பேக்கேஜ், வாடிக்கையாளர் சேவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு எந்த மொபைல் புரோட்பேண்ட் சரிவரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்மா அப்பாவோடு லயத்து வீட்டில்தான், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில்தான், இருக்கப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். டவுனில் அறை எடுப்பதாக இருந்தால் இதை வாசிக்கவே வேண்டாம். டவுனில் எந்த சிம்மும் ஓரளவுக்கு ஓடும்.

நான் டவுனில் ரீலோட், போட்டோகொப்பி, லெமினேட்டிங் கடை வைத்திருப்பவன். "இவர் ஏதோ ஒரு கொம்பனியின் ஆள்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எல்லாக் கொம்பனி ரீலோடும் விற்கிறேன், எல்லாவற்றிலும் கிடைப்பது அற்பக் கமிஷன்தான், எவனும் எனக்கு உறவில்லை. ரீலோட் போட வருகிறவர்கள் அதோடு சேர்த்து வயிற்றெரிச்சலையும் கொட்டிவிட்டுப் போவார்கள். அதனால் எந்தத் தோட்டத்தில் எது இழுக்கிறது என்பது ஓரளவு தெரியும்.

இப்போது களத்தில் இருப்பவர்கள் மூன்றே பேர்: டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச். எடிசலாட் 2018இல் ஹட்ச்சோடு சேர்ந்தது. எயார்டெல் 2024இல் டயலொக்கின் கைக்குப் போனது. இந்த மூன்றில் எது நல்லது என்று கேட்பதில் மலையகத்தில் பயனில்லை. உங்கள் வீட்டு வாசல் எந்த டவரைப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே தோட்டத்தில் மேட்டு லயத்துக்கு ஒரு கொம்பனி, பணிய லயத்துக்கு இன்னொரு கொம்பனி. நடுவில் ஒரு மேடு மறைத்தால் அவ்வளவுதான். மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்த வீடுகளுக்கு அக்கரையிலிருந்து தண்ணீருக்கு மேலாகவே சிக்னல் வந்துவிடும். அரை மைல் தள்ளி டவர் இருக்கிற வீட்டுக்கு வராது. போதாததற்கு தகரக் கூரை. வாசலில் நான்கு கோடு காட்டுகிற போன், உள்ளே அடுப்படிக்குப் போனதும் ஒரு கோட்டுக்கு இறங்கும்.

நான்கு கோடு காட்டினாலும் நம்ப வேண்டாம். கோடு சொல்வது டவரின் சத்தம் உங்களுக்குக் கேட்கிறது என்பதை மட்டும்தான். அதே டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதைச் சொல்லாது. பகல் பதினொரு மணிக்கு வேகம் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறார்கள். அந்த நேரம் ஊரே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறது, டவர் சும்மா இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். இன்னொன்று, எங்கள் பக்கத்துக்கே உரியது: டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். சனி, ஞாயிறு, போயா நாட்களில் நல்லதண்ணிக்குப் போகிற கூட்டமெல்லாம் எங்கள் டவர்களில்தான் வீடியோ அனுப்புகிறது. ஜூலையில் சோதித்துவிட்டுத் திருப்தியோடு ரவுட்டர் எடுத்தவர்கள் ஜனவரியில் என் கடையில் வந்து நிற்பார்கள்.

பனி மூடினால் சிக்னல் போய்விடும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பனி பாவம், அது ஒன்றும் செய்யாது. போன் பாவிக்கிற அலைவரிசையை மழையும் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் டவருக்கும் டவருக்கும் இடையில் மைக்ரோவேவ் இணைப்பு இருக்கிற இடங்களில் அடைமழை அதைக் கெடுக்கும். மற்றது மின்வெட்டு. டவர் பற்றரி சில மணித்தியாலம் தாங்கும், பிறகு ஜெனரேட்டர் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் எத்தனையோ இடங்களில் போனே வேலை செய்யவில்லை. மண் சரிந்த தோட்டத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வெளியூரில் இருந்த பிள்ளைகள் தவித்தார்கள். வேறு வேறு கொம்பனியின் இரண்டு சிம் வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது வியாபாரத்துக்காக அல்ல.

சரி, வாடிக்கையாளர் சேவை. இந்தச் சொல்லைப் பார்த்துத்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன்.

என் அக்கா வீடு பணிய லயம். அவருடைய மகள் உங்களைப் போலவே கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்கிறாள். டவுனில் கூடாரம் போட்டு விற்ற பொடியன்கள், போனில் கவரேஜ் வரைபடத்தைக் காட்டி, தோட்டம் முழுக்க நிறம் பூசியிருக்கிறது பாருங்கள் என்று சொல்லி, இரண்டு வருட ஒப்பந்தத்தில் ரவுட்டரைத் தலையில் கட்டிவிட்டார்கள். கொம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்டு எழுதாதீர்கள். வீட்டுக்குள் இறங்கு வேகம் எப்படியோ வந்தது, ஏற்று வேகம் வரவே இல்லை. டவரின் எல்லையில் இருக்கிற வீட்டில் அப்படித்தான் நடக்கும். டவருக்குக் குரல் பெரிது, ரவுட்டருக்கு மெல்லிய குரல். அவள் பேசுவது கொழும்புக்குக் கேட்கவில்லை. கணக்கு வேலை என்றாலும் கதைக்காமல் நடக்காது.

ஹொட்லைனில் தமிழுக்கு உரிய எண்ணை அழுத்தினால் பாட்டுதான். பாட்டு முடிந்து வந்தவர் சிங்களத்தில் கதைத்தார். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்றார். அக்கா அணைத்துப் போட்டார். மறுபடி எடுத்தால் மறுபடி பாட்டு, மறுபடி வேறு ஆள், மறுபடி அணைத்துப் போடு. 1987லிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான் என்று அந்த ஆளிடம் சொல்லி என்ன பயன்?

கடைசியில் கண்டிப் பக்கமிருந்து ஒரு தொழில்நுட்பப் பொடியன் வந்தான். கோயிலடி ரோட்டில் நின்றான், தன் போனில் வேகம் பார்த்தான், அருமையாக இருக்கிறது என்றான். கீழே வீட்டுக்கு வாருங்கள் தம்பி என்று அக்கா கூப்பிட்டார். படியைப் பார்த்தான், இறங்கவில்லை. மழை நாள், அட்டைக்குப் பயந்திருக்கலாம். அவன் பஸ் ஏறுவதற்குள் "முறைப்பாடு தீர்க்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்துவிட்டது.

அவனும் வீட்டைக் கண்டுபிடிக்க அலைந்தான் என்பது உண்மை. எப்படிக் கண்டுபிடிப்பான்? எங்களுக்கு முகவரியே கிடையாதே. தோட்டத்தின் பெயர், டிவிஷன், மஸ்கெலியா. இது நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பொது முகவரி. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது வரும், வராமலும் போகும். எங்கள் லயத்தில் ஒரு பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கிடைத்தது. மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடம் என்று நினைவுகூர்ந்து விழா எடுத்தார்கள். ஒரு வீட்டு இலக்கம் கொடுக்க மட்டும் கைவரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். புதிய இணைப்புக்கு முகவரியை உறுதிப்படுத்த மின்கட்டண பில் கேட்கக்கூடும், அப்போது தெரியும்.

பேக்கேஜ் பற்றிச் சுருக்கமாக. பெரிய எழுத்தில் உள்ள ஜிபியைப் பார்க்காதீர்கள். அதில் எவ்வளவு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் என்று கேளுங்கள். விடியற்காலையில் எழுந்து பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு) போகிற ஊரில் இரவு ஒரு மணிக்கு டேட்டாவை யார் தின்பது? விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் மட்டுமே 18 வீதம். முதலில் முற்பணச் சிம் ஒன்றை வாங்கிப் போனில் போட்டு, நீங்கள் வேலை செய்யப் போகும் அதே மேசையில், இரவிலும் மழையிலும் பாருங்கள். போன் செட்டிங்கில் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் அளவு இருக்கும். மைனஸ் 90 பக்கம் என்றால் நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டி 115, 120 என்று போனால் ரவுட்டருக்குப் பணம் கட்டாதீர்கள். வீடியோக் கூட்டத்துக்கு ஏறவும் இறங்கவும் 3, 4 மெகாபிட் நிலையாக வந்தால் போதும். அறுபது, எழுபது எல்லாம் பெருமைக்கு.

ஸ்டார்லிங்க் போடு என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது, தெரியும். வந்த நேரம் கருவிக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல், மாதக் கட்டணம் ஐந்து இலக்கம். உங்கள் கொம்பனி கட்டினால் தாராளமாகப் போடுங்கள். மரம் மறைக்காத வானம் வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா வீட்டில் இப்போது வேறு கொம்பனிச் சிம், கூரைக்கு மேல் மூங்கிலில் வெளி அன்டெனா, வேலை நடக்கிறது. பழைய ஒப்பந்தத்துக்கு என்ன செய்தோம் என்றால், முறைப்பாட்டு இலக்கங்களை எல்லாம் எழுதி வைத்து, முதலில் கொம்பனிக்கு எழுத்தில் கொடுத்தோம். அசையவில்லை. பிறகு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் போனோம்; அவர்களுடைய எண் 1900. கடிதம் நான்தான் எழுதினேன், தமிழில். ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார்கள். ரவுட்டரைத் திருப்பி எடுக்க மட்டும் இன்னும் யாரும் படி இறங்கி வரவில்லை.