சாப்பாட்டோடு ஐஸ் கிரீன் டீ குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. சென்னையில் அலுவலக வேலை. வெயில் தொடங்கியதிலிருந்து வெறும் தண்ணீர் தொண்டையில் இறங்குவதில்லை. அதற்குப் பதிலாக லெமன், பீச் என்று ஏதாவது ஒரு ஃப்ளேவரில் அரை லிட்டர் கிரீன் டீ பாட்டில் வாங்கி, ஐஸ் போட்டு மதியச் சாப்பாட்டோடு குடிக்கிறேன். எடையும் குறையும் என்று தோழி சொன்னாள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன். "வெயிலுக்கு ஜில்லென்று குடித்தால் உள்சூடுதான் ஏறும், சூடாக டீ குடி" என்கிறார் மாமியார். 8 வயது மகனும் பங்கு கேட்கிறான். தொடரலாமா? – ஒரு வாசகி

பதில்: தொடரலாம். ஆனால் பாட்டிலையும் விட வேண்டும், சாப்பாட்டு நேரத்தையும் விட வேண்டும்.

முதலில் மாமியார் கட்சி. அவர் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். சூடாகக் குடித்தால் வியர்வை கூடுகிறது; அந்த வியர்வை முழுதும் ஆவியானால் உடலில் தங்கும் வெப்பம் குறைகிறது. ஆவியானால் என்பதுதான் இதில் முக்கியம். வேலூரின் வறண்ட வெயிலில், காற்றோட்டமான திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அது நடக்கும். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை எங்கே காய்கிறது? முதுகில் வழிந்து சட்டையை நனைக்கிறது. சொட்டி விழும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆகவே உங்கள் ஊருக்கு ஜில்லென்ற பானம் பொருத்தம்தான். 'உள்சூடு' பயம் வேண்டாம்.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். முன்பக்கத்தில் பச்சை இலை படம் இருக்கும். நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாகப் போட வேண்டும் என்பது நம் உணவுச் சட்டம். பல பாட்டில்களில் தண்ணீருக்கு அடுத்து நிற்பது சர்க்கரை; தேயிலைச் சாறு எங்கோ கீழே இருக்கும். 100 மில்லிக்கு 8 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், உங்கள் அரை லிட்டரில் 40 கிராம். ஏறக்குறைய எட்டு டீஸ்பூன். உணவில் சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறையும் என்ற தோழியின் கணக்கு இங்கேயே அடிபட்டுவிடுகிறது. சர்க்கரையே இல்லாத கிரீன் டீயால்கூடக் குறைவது தராசில் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். 'இன்ஸ்டன்ட்' ஐஸ் டீ பொடிகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது உங்கள் மாத்திரை. கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்புச்சத்தை டீயின் துவர்ப்புப் பொருள்கள் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. சைவச் சாப்பாட்டோடு டீ குடித்தால் உடம்பில் சேரும் இரும்பு கணிசமாகக் குறையும். கிரீன் டீயும் கறுப்பு டீயும் ஒரே செடியின் இலைதான். பச்சை என்பதால் விலக்கு கிடையாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. எனவே சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து டீ, மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் நாலு மணி டீ வருமே, அந்த நேரம் சரி. எலுமிச்சை பிழிந்தால் பாதிப்பு சற்றுக் குறையும், முழுதும் போகாது.

வீட்டில் செய்வது மிக எளிது. பலர் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக் கசக்க வைத்து, பிறகு அதை மறைக்கத் தேனை ஊற்றுகிறார்கள். ஜப்பானியர் கோடையில் வெந்நீரே இல்லாமல் செய்கிறார்கள். 'மிசுதாஷி' என்று பெயர். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி இலை அல்லது ஐந்து டீ பேக் போட்டு மூடி, இரவு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் வடிகட்டினால் ஆயிற்று. குளிர்ந்த நீரில் துவர்ப்பும் கஃபீனும் குறைவாகவே இறங்குகின்றன. இலையின் மென்மையான இனிப்புச் சுவை நன்றாகவே இறங்கும். சர்க்கரையைத் தேட மாட்டீர்கள். ஃப்ளேவருக்குப் புதினா, தட்டிய இஞ்சி, எலுமிச்சைத் தோல், இரண்டு துண்டு மாம்பழம் என்று உங்கள் இஷ்டம். வீட்டுப் பெரியவர்களோடு பங்கிட்டு அன்றைக்கே குடித்து முடியுங்கள். ஊறுவதற்காக வெயிலில், மொட்டை மாடியில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். அந்த இளஞ்சூடு கிருமிகளுக்கு வெகு சௌகரியம்.

உடனே வேண்டுமா? தண்ணீர் கொதித்ததும் இறக்கி நாலைந்து நிமிடம் திறந்து வையுங்கள், சுமார் 80 டிகிரிக்கு இறங்கும். வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு இலை, பாதித் தண்ணீர், இரண்டு நிமிடம், பிறகு டம்ளர் நிறைய ஐஸ்மேல் ஊற்றுங்கள். ஐஸ் வீட்டுத் தட்டில் உறைந்ததாக இருக்கட்டும். வெளியே வாங்கும் கட்டி மீனுக்கு வந்ததா டம்ளருக்கு வந்ததா என்று யாருக்குத் தெரியும்? சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018இலேயே உத்தரவு போட்டார்கள். அந்த நீலத்தை நான் இன்னும் எந்த வண்டியிலும் பார்க்கவில்லை.

தண்ணீருக்குப் பதிலாக இதையே குடிக்கலாமா என்றால், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று டம்ளர் போதும். டீ குடித்தால் சிறுநீராகவே போய்விடும் என்பது இந்த அளவுக்குப் பொருந்தாது. அளவு மீறினால் கதை வேறு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் தினமும் 16 கோப்பை ஐஸ் டீ குடித்து வந்த 56 வயதுக்காரரின் சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவ இதழ் ஒன்று 2015இல் வெளியிட்டது. அவர் குடித்தது கறுப்பு டீ. காரணம் அதிலுள்ள ஆக்சலேட், சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய பொருள். கிரீன் டீயில் ஆக்சலேட் குறைவு, இருந்தாலும் சிறுநீரகக் கல் பிரச்சினை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது ரத்த அழுத்தத்துக்கு நாடோலால் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. வெயிலில் அலைந்து வியர்த்துக் கொட்டிய நாளில் கிரீன் டீ பிரயோசனமில்லை. அதில் உப்பு கிடையாது. உப்பு போட்ட நீர்மோர் குடியுங்கள்.

மகனுக்குக் கஃபீன் தேவையில்லை. அதே கண்ணாடி டம்ளரில் எலுமிச்சை, புதினா, தண்ணீர், உங்களுக்குப் போட்ட அளவு ஐஸ். அவன் கேட்பது அநேகமாக அந்த ஐஸைத்தான்.