காமர்ஸ் படித்த பெண்ணுக்குச் சென்னையில் பிசினஸ் அனலிடிக்ஸ் (வணிகத் தரவுகளை அலசும் படிப்பு) பட்டம் சரிப்படுமா? வேலை கிடைக்குமா?

சரிப்படும். ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புள்ளியியல் இரண்டு செமஸ்டராவது இருக்க வேண்டும். எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி), பைத்தான் (நிரல் மொழி), பவர் பிஐ (தரவை வரைபடமாக்கும் மென்பொருள்) இவையெல்லாம் லேப் வகுப்போடு இருக்க வேண்டும். ஆறு செமஸ்டரிலும் மேனேஜ்மென்ட் தியரியே நிரம்பி, அனலிடிக்ஸ் ஒன்றிரண்டு தாளோடு முடிந்தால் அது பழைய பிபிஏதான், ஃபீஸ் மட்டும் புதுசு. பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்திருந்தால் புள்ளியியல் பயமுறுத்தாது.

வேலை விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பிசினஸ் அனலிஸ்ட் என்பவர் பெரும்பாலும் வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு, எழுதி, மென்பொருள் குழுவிடம் சேர்ப்பவர். டேட்டா அனலிஸ்ட் எண்களோடு மல்லுக்கட்டுபவர். புதிதாக வருபவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் எம்ஐஎஸ் ரிப்போர்ட் வேலை, அதாவது நிர்வாகத்துக்கு எண்களைத் தொகுத்து அறிக்கை தருவது. எக்செலில் பிவோட் டேபிள் (தரவைத் தொகுத்துச் சுருக்கும் அட்டவணை), எஸ்க்யூஎல்லில் ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது) தெரிந்தால் அங்கிருந்து மேலே நகரலாம். சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆர் பக்கம் ஐடி நிறுவனங்களும், வெளிநாட்டு வங்கிகளின் அலுவலகங்களும் இதற்கு ஆள் எடுக்கின்றன.

கல்லூரியில் 'அதிகபட்ச பேக்கேஜ் எவ்வளவு' என்று கேட்காதீர்கள். போன வருடம் எத்தனை பேர், என்ன பதவியில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கல்லூரி.

அப்புறம், ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பையும் பாருங்கள். ஜேஇஇ கட்டாயமில்லை, தகுதிச் சுற்று உண்டு, டிப்ளமோவோடும் வெளியேறலாம். பிகாம் படித்துக்கொண்டே இதையும் செய்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் ஆர்வமுள்ள பெண் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.