வாசகர் கேள்வி: ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றும் முன்

கேள்வி: தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஸ்டீயரிங்குக்குக் கீழே 'டக் டக்' என்று சத்தம். எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், ஏர்பேக் உள்ள கார். பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
- வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் ஸ்டீயரிங்குக்கு உதவும் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல சிறிய கார்களில் அது டேஷ்போர்டுக்கு அடியில்தான் இருக்கும். கீழே பாக்ஸாக இருப்பது சாதாரண ரேக், அதாவது சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு. வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இருபுறமும் ஆட்டட்டும். இன்னொருவர் ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்க்கட்டும். டை ராட் எண்டிலோ (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை) இணைப்பு ஷாஃப்ட்டிலோ (ஸ்டீயரிங்கிலிருந்து பாக்ஸுக்கு வரும் தண்டு) ஆட்டம் இருந்தால் பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

பாக்ஸ்தான் என்றால், சக்கரங்களை நேராக்கி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, 3 நிமிடமாவது பொறுங்கள். கம்பெனி கையேடு கூடுதல் நேரம் சொன்னால் அதுவே கணக்கு. ஏர்பேக் கண்ட்ரோலில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும்.

அடுத்து ஸ்டீயரிங்கை சீட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். பலர் விடுவது இதைத்தான். ஷாஃப்ட் கழன்றபின் ஸ்டீயரிங் தாராளமாகச் சுற்றும். உள்ளே இருக்கும் கிளாக் ஸ்ப்ரிங் (ஹாரன், ஏர்பேக் வயர்ச் சுருள்) அறுந்து, ஹாரனும் ஏர்பேக்கும் வேலை செய்யாது.

ஷாஃப்ட்டும் பினியனும் (ரேக்கை நகர்த்தும் சிறிய பல் சக்கரத்தின் தண்டு) சேரும் இடத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். அங்குள்ள போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுக்க உருவ வேண்டும். அது பினியனின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். டை ராட் எண்டைச் சுத்தியால் தட்டினால் மரை கெடும், புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள்.

பாக்ஸை எடுக்க ஸப்ஃபிரேமை (முன்பக்க அடிச்சட்டம்) இறக்க வேண்டிய கார்களில், போல்ட்டில் கை வைக்கும் முன் ஸப்ஃபிரேமுக்கும் இன்ஜினுக்கும் தனித்தனியாக முட்டு கொடுங்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். மோட்டார் பாக்ஸிலேயே இருந்தால், மோட்டாரையோ வயரையோ பிடித்துத் தூக்கக் கூடாது. கீழே விழுந்த பாக்ஸை மறுபடி மாட்டாதீர்கள். உள்ளிருக்கும் டார்க் சென்சார் (ஸ்டீயரிங்கைத் திருப்பும் விசையை அளப்பது) கெட்டது வெளியில் தெரியாது.

கேள்வி: ரேக் மாற்றிய பிறகு நேர் ரோட்டிலும் ஸ்டீயரிங் சாய்ந்து நிற்கிறது, எச்சரிக்கை விளக்கும் அணையவில்லை.
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷாஃப்ட்டும் பினியனும் சேரும் இணைப்பு ஒரு பல் தள்ளி விழுந்திருக்கலாம். ரேக்கை நடுவில் நிறுத்தி அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு அலைன்மென்ட். அதற்குப் பிறகே ஸ்கேனரில் ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சாருக்கு ஜீரோ செட்டிங். வரிசை மாறினால் விளக்கு திரும்ப எரியும். அதற்கும் அணையாவிட்டால் வயர் கப்ளர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, எர்த் வயர் இறுக்கமா, பேட்டரி வோல்ட் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.