காட்டுக் குழுவில் கவுன்சிலருக்கு என்ன வேலை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் குடும்பம் இங்கிலாந்தில் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊர் கவுன்சிலர் பூங்காவின் நிர்வாகக் குழுவிலேயே இருக்கிறாராம். எங்கள் சாப்டூர் காட்டுக்கு ஒன்றியக் கவுன்சிலர் அப்படி வர முடியுமா?
– வாசகர், பேரையூர்

பதில்: வரலாம். ஆனால் அங்கே அவர் முடிவெடுப்பவர், இங்கே யோசனை சொல்பவர்.

இங்கிலாந்தில் 1995 சுற்றுச்சூழல் சட்டப்படி ஒவ்வொரு தேசியப் பூங்காவுக்கும் தனி ஆணையம் உண்டு. உள்ளாட்சி மன்றங்கள் அனுப்பும் கவுன்சிலர்கள், சிற்றூர் மன்றங்களின் பிரதிநிதிகள், அமைச்சர் நியமிப்பவர்கள் என மூன்று தரப்பும் அதில் உட்காருவார்கள். பூங்கா நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. வீடு கட்டலாமா, குவாரியைப் பெரிதாக்கலாமா என்று அனுமதி தருவதும் மறுப்பதும் இந்த ஆணையம்தான். கவுன்சிலரை அனுப்பியது அவருடைய மன்றமே என்றாலும், கை தூக்கும்போது அவர் பூங்காவின் நலனைத்தான் பார்க்க வேண்டும்.

நம் மதுரை மாவட்டத்தில் தேசியப் பூங்கா கிடையாது. சாப்டூர் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமானது. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடக்கிறது, கடைசிச் சொல் தலைமை வனஉயிரினக் காப்பாளருடையது. அதே சட்டத்தின் 33-பி பிரிவு சரணாலயத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் தொகுதி எம்.எல்.ஏ.வும் பஞ்சாயத்து ராஜ் அமைப்புகளிலிருந்து மூன்று பேரும் இருக்க வேண்டும். உங்கள் கவுன்சிலருக்கான நாற்காலி அந்த மூன்றில் ஒன்று.

குழு அமைத்தார்களா, எப்போது கூடியது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, உறுப்பினர் பட்டியலையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். இன்னொரு வழியும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை: புலிகள் காப்பகத்தின் வெளிவட்ட எல்லையைக் குறிக்கும்போது கிராம சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 38-வி பிரிவு சொல்கிறது. மேய்ச்சல் பாதை, கோயில் பாதை, ஓடைத் தண்ணீர் பற்றிய பேச்சையெல்லாம் அங்கே எழுத்தில் பதிய வைப்பதுதான் கவுன்சிலரின் முக்கிய வேலை.

கேள்வி: எங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை உண்டா?
– வாசகி, மேலூர்

பதில்: நிறைய உண்டு. மேலே சொன்ன நாற்காலியைவிட உங்களுடையது வலுவானது என்பது எங்கள் கருத்து. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, உங்கள் எல்லைக்குள் இருக்கும் மூலிகை, மரம், மீன் போன்றவற்றின் பயன்பாடு பற்றி முடிவெடுக்கும் முன் தேசியப் பல்லுயிர் ஆணையமும் மாநிலப் பல்லுயிர் வாரியமும் உங்கள் குழுவைக் கலந்துகொள்ள வேண்டும். வியாபாரத்துக்குச் சேகரிப்பவரிடம் நீங்கள் கட்டணமும் வசூலிக்கலாம்.

கெடுவது பதிவேட்டில்தான். ஊரின் உயிர்வளங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை வெளியாள் யாரோ தட்டச்சு செய்து கொடுக்க, குழு கையெழுத்துப் போட்டுவிடும். பிறகு வழக்கு வந்தால் அதில் ஊரின் கண்மாய் பெயர்கூட இருக்காது. கண்மாய், ஊருணி, பாறைச் சுனை எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுதுங்கள். எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது, எந்தப் பாறையில் கூடு கட்டுகிறது என்பதை ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டுச் சேருங்கள். படம் எடுத்தால் தேதி தெரியும்படி எடுங்கள்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளி எல்லாம் அங்கே பதிவாகியிருந்தன. 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது அந்தப் பதிவுகளும் கிராம சபைத் தீர்மானங்களும் மக்கள் போராட்டத்துக்குக் கைகொடுத்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

தீர்மானம் எழுதும்போது ‘சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எந்த அலுவலகமும் அசையாது. எந்த சர்வே எண், என்ன வேலை, அதனால் எந்தக் கண்மாயின் வரத்துக்கால் அடைபடும், யாரிடம் என்ன கேட்கிறோம் என்ற நான்கும் இருக்க வேண்டும். கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகை முக்கியம். 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேர் வர வேண்டும். தலை குறைந்தால் தீர்மானம் செல்லாது என்பார்கள், ஆகவே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுகிறதா என்று பாருங்கள். நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: குழு உறுப்பினரின் தம்பி கிரஷர் வைத்திருக்கிறார். அந்த உறுப்பினர் குழுவில் நீடிக்கலாமா?
– வாசகர், கொட்டாம்பட்டி

பதில்: குவாரி பற்றிய பொருள் வரும்போது உறவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட வேண்டும். போனதும் திரும்பி வந்ததும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். இங்கிலாந்துப் பூங்கா ஆணையங்களில் உறுப்பினர் தன் பண நலன்களைப் பதிவேட்டில் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும், தகுந்த காரணமில்லாமல் மறைத்தால் குற்ற வழக்கே வரும். நம் குழுவில் அந்தப் பழக்கம் இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் நீங்களே அதை ஒரு பொருளாக எழுதிக் கொடுங்கள்.