ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவரில் மூட்டு வெடிக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

கிளிநொச்சியில் முதன்முதலாக வீடு கட்டும் நீங்கள், அறைத் தடுப்புக்கு ஜிப்சம் பலகை அடித்தால் பலகைகள் சேரும் மூட்டுகள் வெடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முறையாக முடித்தால் வெடிக்காது. பலகையின் இரு முகமும் கடதாசி என்பதால், திருகாணியின் தலை அதைக் கிழிக்காமல் சற்றே உள்ளே பதிய வேண்டும். கிழிந்தால் பிடிப்பே போய்விடும். கறையான் மிகுந்த நம் மண்ணில் மரச்சட்டத்தைவிட நாகம் பூசிய இரும்புச் சட்டமே நல்லது. தரை ஈரம் ஏறாதபடி பலகையின் அடி விளிம்பையும் தரையிலிருந்து 10 மில்லிமீற்றர் உயர்த்தி விடுங்கள். மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் வராதபடி மாற்றி மாற்றி அடித்து, மூட்டை நிரப்பும் பசையை முதற்பூச்சாக இட்டு, கடதாசி நாடாவை அதில் அழுத்திப் பதித்து, அது முழுதாகக் காய்ந்த பின்னரே, முந்தியதைவிட அகலமாக மேலும் இரண்டு பூச்சுகள் இடுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் பசை மிக மெதுவாகவே காயும். ஆகவே இவ்வேலையை மாரிக்கு முன் முடிப்பதையே வலியுறுத்துவேன். ஈரம் ஜிப்சம் பலகைக்கு ஆகாது என்பதால், குளியலறைக்குச் சீமெந்துக் கல் சுவரே வையுங்கள்.