ஜெயித்த நாளில் என்ன துக்கம்?

கேள்வி: நாங்கள் திருச்சிக்காரர்கள். மெல்போர்னுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன், வயது 19. இங்கே எல்லோரும் ஃபுட்டி என்று சொல்லும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலைச் சிறுவயது முதல் ஆடுகிறான். 18 வயதுக்குட்பட்டோருக்கான டேலண்ட் லீக்கில் ஆடினான். ஏஎஃப்எல் என்னும் தேசிய லீகுக்கு இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. இப்போது எங்கள் பகுதி கிளப்பில் முன்வரிசையில் ஆடுகிறான். இந்த சீசன் சரியாகவே இல்லை. "பந்து கையை விட்டுப் போனதும் நின்றுவிடுகிறான், துரத்துவதில்லை. தவறு செய்தால் தோளைத் தொங்கப்போடுகிறான். பந்து கொடுக்காத பையனைப் பார்த்துக் கையை விரிக்கிறான்" என்கிறார் பயிற்சியாளர். போன மாதம் ரிசர்வ் அணிக்கு இறக்கிவிட்டார். என் கணவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேலியோரம் நின்று அவனுடைய கிக், ஹேண்ட்பால் (பந்தைக் கையால் குத்தி அனுப்புவது), மார்க் (உதைத்து வரும் பந்தைப் பிடிப்பது) எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைப்பார். ரிசர்வுக்கு இறக்குவதற்கு முந்தைய ஆட்டத்தில் எல்லாம் சேர்த்து ஆறுதான். அன்று அவர்கள் அணி நான்கு பாயிண்டில் ஜெயித்துவிட்டது. ஆனால் வீடு வரும்வரை காரில் ஒருவரும் பேசவில்லை. நான்தான் வழக்கம்போல் அவன் பூட்ஸைக் கழுவி வைத்தேன். நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள் என்கிறார் கணவர். படிப்பு, பகுதிநேர வேலை, சாப்பாடு, நண்பர்கள் எதிலும் குறையில்லை. சனிக்கிழமை மட்டும் முகம் இருண்டுவிடுகிறது. கிளப்பை மாற்றலாமா? மனநல நிபுணரிடம் அழைத்துப்போகலாமா?
— ஒரு தாய், டாண்டெனாங்

பதில்:

சகோதரி,

உங்கள் மகன் திறமைசாலி, எல்லாம் சரியாகிவிடும், மனதைத் தளரவிடாதீர்கள் என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. ஃபுட்டி இருக்கிற இடத்தில் வயலினை வையுங்கள், பரதத்தை வையுங்கள், பள்ளி நுழைவுத்தேர்வை வையுங்கள். இதே கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.

பயிற்சியாளர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், கணவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டு, பூட்ஸ் கழுவப் போய்விட்டீர்கள். அன்று அவர்கள் அணி ஜெயித்திருக்கிறது. அதுவும் நான்கு பாயிண்டில்!

ஒரு கோலுக்கு ஆறு பாயிண்ட் தருகிற ஆட்டம் இது. நான்கு பாயிண்ட் வித்தியாசம் என்றால், எதிரணி ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் கதை மாறியிருக்கும். கடைசி சைரன் ஊதும்வரை களத்தில் இருந்த யாருக்கும் மூச்சு சரியாக வந்திருக்காது. ஜெயித்த அணி உடைமாற்றும் அறையில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக நின்று, தொண்டை கிழியக் கிளப் பாட்டைப் பாடும். ஏஎஃப்எல் வீரர்களும் பாடுவார்கள், பேட்டைக் கிளப் பையன்களும் பாடுவார்கள். உங்கள் மகன் பாடினானா? நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள். வாய்விட்டுப் பாடிவிட்டு வந்த பையன் அப்படிக் காரில் உட்கார்ந்திருக்க மாட்டான் என்பது என் கணிப்பு.

கல்யாணம் நல்லபடியாக நடந்து ஊரே வாழ்த்திக்கொண்டிருக்கும்போது, தன் இலைக்குப் பாயசம் வரவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் உட்காரும் உறவினரைப் பார்த்திருப்பீர்கள். அன்று உங்கள் காரில் அப்படி மூன்று பேர் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள்.

மகனை மட்டும் குறை சொல்லமாட்டேன். இது அவனாகக் கற்றுக்கொண்டதல்ல. உங்கள் கணவர் கையில் இருக்கும் அந்த நோட்டுதான் அவனுக்குப் பாடப்புத்தகம். சிறுவயது முதல் அதைத்தான் படித்து வளர்ந்திருக்கிறான்.

அந்த நோட்டில் என்ன ஏறும்? கிக், ஹேண்ட்பால், மார்க். பந்து அவன் கையில் இருந்த தருணங்கள் மட்டும். பெரிய மைதானங்கள் 160 மீட்டர் நீளத்தையும் தாண்டும். அதில் இரண்டு அணிக்கும் சேர்த்து 36 பேர் ஓடுகிறார்கள். மிகச் சிறந்த வீரனாக இருந்தாலும், ஆட்டம் முழுவதிலும் பந்து அவன் கையில் இருக்கும் நேரத்தைக் கூட்டிப்பார்த்தால் சில நிமிடம்கூடத் தேறாது. மிச்ச நேரமெல்லாம் அவன் என்ன செய்கிறான் என்பதுதான் ஆட்டம். எதிரணிக்காரன் மார்க் பிடிக்கக் கைநீட்டும்போது பின்னாலிருந்து எழும்பி முஷ்டியால் பந்தைத் தட்டிவிடுவது ஸ்பாயில். நம் பையன் பந்தோடு ஓடும்போது, அவனைத் துரத்தி வருகிறவனுக்குக் குறுக்கே உடம்பைக் கொடுத்து நிற்பது ஷெப்பர்ட். எதிரி உதைக்கிற நொடியில் அவன் பூட்ஸின் மேலேயே கையை நீட்டிப் பாய்ந்து விழுவது ஸ்மதர். விரல் உடையவும் செய்யும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒன் பெர்சென்டர் என்று அங்கே பேர் வைத்திருக்கிறார்கள். உங்கள் கணவரின் நோட்டில் இவற்றில் ஒன்றுக்காவது கட்டம் உண்டா?

இப்போது பயிற்சியாளர் சொன்ன மூன்றையும் அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பந்து போனபின் துரத்துவதில்லை: துரத்தலுக்கு நோட்டில் மதிப்பெண் கிடையாது. தவறு செய்தால் தோள் தொங்குகிறது: வேலியோரம் பேனா அசைவதை அவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். பந்து கொடுக்காத பையனைப் பார்த்துக் கையை விரிக்கிறான்: அந்தப் பையன் இவனுடைய கணக்கில் ஒன்றைக் குறைத்துவிட்டான் அல்லவா! இதை மனோபாவக் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அப்பா வைத்த பரீட்சையைப் பிள்ளை ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. முன்வரிசைக்காரன் எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டால் தன் இடத்தில் நிற்கமாட்டான். பந்து இருக்கும் பக்கமாக மேலே ஓடிவிடுவான். அவனைக் காவல் காத்த எதிரணித் தடுப்பாளனுக்கு அன்றைக்கு விடுமுறை. அவன் சும்மா நின்றபடி, இவர்கள் அணி கோலை நோக்கி உதைக்கிற பந்தையெல்லாம் பிடித்துப்போட்டுக்கொண்டிருப்பான். நோட்டில் மகனுக்கு இரண்டு கிக் கூடியிருக்கும். ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும். அவனை ஏன் ரிசர்வுக்கு இறக்கினார்கள் என்பதற்கு உங்கள் வீட்டு மேஜையிலேயே விடை இருக்கிறது, ஆனால் நீங்கள் அதில் கூட்டல் மட்டும் போட்டுப் பார்க்கிறீர்கள்.

நம் வீடுகளின் பழைய வியாதி இது. பரீட்சை முடிவு வந்தால் பிள்ளை எத்தனையாவது என்று கேட்போம். வகுப்பு முழுக்கத் தேறியதா என்று கேட்ட தகப்பனை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு கூட்டத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால், அந்தக் கூட்டத்துக்கு அவன் கடமைப்பட்டவன். அதைக் கற்றுக்கொடுக்கவேண்டியது வீடு. பயிற்சியாளர் வாரத்தில் சில மணி நேரம்தான் அவனைப் பார்க்கிறார்.

நிறத்தைப் பற்றிக் கணவர் சொல்கிறார். அந்த ஆட்டத்தில் நிறவெறி இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். 1993இல் விக்டோரியா பார்க் மைதானத்தில் பழங்குடி வீரர் நிக்கி வின்மார் தன் ஜெர்ஸியைத் தூக்கி, ஏசிய கூட்டத்துக்குத் தன் கறுத்த மேனியைச் சுட்டிக்காட்டினார். லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கிய இன்னொரு பழங்குடி வீரர் ஆடம் குட்ஸை 2015இல் மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு விரட்டினார்கள். அந்த ஆண்டோடு அவர் ஆட்டத்தை விட்டார். ஏஎஃப்எல்லும் 18 கிளப்புகளும் மன்னிப்புக் கேட்க 2019 ஆயிற்று. ஆகவே உங்கள் மகனை யாராவது ஒரு வார்த்தை தவறாகப் பேசியிருந்தால், நாள், இடம், சொன்னவர் பெயரோடு கிளப்புக்கும் லீகுக்கும் எழுதிக் கொடுங்கள், விடவே விடாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு சம்பவம்கூட இல்லை. பயிற்சியாளர் சொன்ன மூன்றும் எந்த நிறத்துப் பையனும் செய்யக்கூடியவை. வின்மாரும் குட்ஸும் பட்ட பாட்டை எடுத்து, துரத்தாமல் நின்ற பையனுக்குக் குடை பிடிக்காதீர்கள். அது அவர்களுக்கும் மரியாதை அல்ல.

வெளியூரிலிருந்து வந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றி மகனுக்குச் சொல்லுங்கள். ஜிம் ஸ்டைன்ஸ், அயர்லாந்தின் டப்ளின்காரர். அவர் ஊர் ஃபுட்பாலில் பந்து உருண்டை. இங்கே முட்டைபோல் நீள்வட்டம். 1987இல் மெல்போர்ன் அணி 23 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதிச்சுற்றுகளுக்கு வந்து, கிராண்ட் ஃபைனலுக்கு ஒரு படி கீழே நிற்கிறது. ஹாத்தார்ன் அணியின் கேரி பக்கனாரா, கடைசி உதைக்காகப் பந்தைக் கையில் வைத்திருக்கிறார். தூரம் அதிகம். அந்த நேரத்தில் ஸ்டைன்ஸ் குறுக்கே ஓடிவிட்டார். அன்றைய விதிப்படி 15 மீட்டர் தண்டனை. பக்கனாரா அத்தனை மீட்டர் முன்னால் வந்து, சைரனுக்குப் பிறகு கோல் அடித்தார். மெல்போர்ன் இரண்டு பாயிண்டில் தோற்றது. ஸ்டைன்ஸுக்கு அப்போது வயது 21. ஊர் முழுக்க அவர் முகம் தெரியும், செய்த காரியமும் தெரியும். பெட்டியைக் கட்டிக்கொண்டு டப்ளினுக்குப் போயிருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். அவர் போகவில்லை. 1991இல் பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். இடையில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஆடினார். 2025 வரை அதுதான் சாதனை. எலும்பு நொறுங்காத உடம்பு என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்ட உடம்போடும் அடுத்த வாரம் வந்து நின்றவர். உங்கள் மகன் ஆறு தடவை பந்தைத் தொட்டதற்காகக் கிளப்பை மாற்ற நினைக்கிறீர்கள்.

மனநல நிபுணரைக் கேட்டிருக்கிறீர்கள். இதில் நான் கிண்டல் செய்யமாட்டேன். 2013 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட டாம் பாய்ட், 2016 கிராண்ட் ஃபைனலில் மூன்று கோல் அடித்து வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு 62 ஆண்டுக்குப் பிறகு கோப்பை வாங்கித்தந்தவர்களில் ஒருவர். மறு ஆண்டே மனச்சோர்வு நோய்க்காக ஆட்டத்திலிருந்து விலகி நின்றார். 2019இல், 23 வயதில், ஒப்பந்தக் காலம் மிச்சமிருக்கும்போதே ஓய்வுபெற்றுவிட்டார். அது நோய். கோப்பையும் பணமும் அதைத் தடுக்கவில்லை. உங்கள் மகனோ படிக்கிறான், வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், நண்பர்களோடு சிரிக்கிறான். சனிக்கிழமை மட்டும் உம்மென்று இருக்கிறான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நோய் மாதிரித் தெரியவில்லை. ஆனால் நான் மருத்துவர் அல்ல. தூக்கம் கெட்டாலோ, நண்பர்களை ஒதுக்கினாலோ, இரண்டு வாரம் அப்படியே நீடித்தாலோ தாமதிக்காதீர்கள். குடும்ப மருத்துவரிடம் போனால் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதித் தருவார். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் உதவியோடு ஆண்டுக்குப் பத்து முறைவரை உளவியலாளரைப் பார்க்கலாம். 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கென்றே ஹெட்ஸ்பேஸ் என்னும் மனநல மையங்கள் இருக்கின்றன. அங்கே போக அம்மா அப்பா துணை தேவையில்லை. இதையும் அவனிடம் சொல்லிவையுங்கள். சொன்னதோடு விட்டுவிடுங்கள்.

பூட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 19 வயதுப் பையன், ஓட்டுப்போடும் வயது. ஆணிகளுக்கு நடுவே அப்பிய சேற்றை அம்மா உட்கார்ந்து சுரண்டுகிறாள், அதைப் பெருமையாகவும் எழுதுகிறாள். நாளையிலிருந்து தொடாதீர்கள். காய்ந்த சேற்றோடு வியாழக்கிழமைப் பயிற்சிக்குப் போகட்டும், பக்கத்தில் நிற்கும் பையன் கேலி செய்யட்டும்.

கணவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பேட்டைக் கிளப்புகள் தன்னார்வலர்களால்தான் ஓடுகின்றன என்பது உங்களுக்கே தெரியும். ரிசர்வ் ஆட்டங்களுக்குக் கோல் அம்பயராக நிற்கக் கிளப்பே ஆள் தேடவேண்டிய நிலை பல இடங்களில் உண்டு. கம்பங்களுக்கு நடுவே நின்று, கோல் என்றால் இரண்டு கொடி, ஒரே பாயிண்ட் தரும் பிஹைண்ட் என்றால் ஒரு கொடி ஆட்டி, ஒவ்வொன்றையும் அட்டையில் குறிக்கவேண்டும். குறித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று உங்கள் கணவருக்கு அவ்வளவு ஆசையென்றால் அங்கே போய்க் குறிக்கட்டும். அங்கே இரண்டு அணியின் பாயிண்ட்டும் எழுதவேண்டும், தனியாக எந்தப் பிள்ளையின் பெயரும் எழுத இடமில்லை. நீங்கள் கேண்டீனில் நில்லுங்கள். ஸாஸேஜ் வாட்டுகிற வரிசையில் நின்றால் மற்ற அம்மாக்களின் பெயர் தெரியவரும். அவர்கள் பிள்ளைகளும் கண்ணில் படுவார்கள், அன்றைக்கு யார் ஓடிவந்து ஸ்பாயில் செய்தான் என்பதும் காதில் விழும்.

மகனிடம் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ஜெயித்தால் பாட்டு முடியும்வரை உள்ளே இரு, தோற்றால் கடைசிப் பையன் பையைக் கட்டும்வரை உள்ளே இரு. வீட்டுக்கு அவனே வந்துகொள்வான், ரயில் ஓடுகிறது. ஆட்டத்தைப் பற்றி அவனாகப் பேசினால் கேளுங்கள். எத்தனை கிக் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கணவரையும் கேட்கவிடாதீர்கள்.

கிளப் மாற்றம் இந்த சீசனில் வேண்டாம். ரிசர்வில் அவனோடு ஆடுகிற பையன்கள் பாதியில் கழற்றிவிடப்படவேண்டியவர்கள் அல்லர். அவன் போனால் அந்த வாரம் அவர்களுக்கு ஆள் குறையும். செப்டம்பர் கழியட்டும். அதற்குப் பிறகும் அவனுக்கு மாறத் தோன்றினால், மாற்றுப் படிவத்தை அவனே நிரப்பி, பயிற்சியாளரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.